பட்டியல் எழுதும் கை

2024 அக்டோபர் கடைசியில் பாலக்காட்டில் ஒரு கடிதம் கசிந்தது. காங்கிரஸின் மாவட்டத் தலைமை டெல்லி மேலிடத்துக்கு எழுதியது. இடைத்தேர்தலில் கே. முரளீதரனை நிறுத்தினால் நல்லது என்று அதில் பரிந்துரைத்திருந்தார்கள். கடிதம் தொலைக்காட்சிகளில் ஓடத் தொடங்கியபோது வேட்பாளர் அறிவிக்கப்பட்டுப் பத்து நாள் கடந்திருந்தது. அறிவிக்கப்பட்டவர் முரளீதரன் அல்ல. பத்தனம்திட்டா மாவட்டத்துக்காரர், மாநில இளைஞர் காங்கிரஸ் தலைவர் ராகுல் மாங்கூட்டத்தில். வடகரைக்கு எம்.பி.யாகப் போய்விட்ட ஷாஃபி பரம்பில் காலி செய்த இடம் அது. ராகுல் ஷாஃபியின் நெருங்கிய சகா.

கடிதம் வெளிவருவதற்கு முன்பே ஒருவர் வாய் திறந்திருந்தார். டாக்டர் பி. சரின், கேரளக் காங்கிரஸின் டிஜிட்டல் ஊடகப் பிரிவைக் கவனித்து வந்தவர். மருத்துவம் படித்து, மத்திய அரசின் தணிக்கைத் துறையில் அதிகாரியாக இருந்து, வேலையை விட்டுவிட்டு அரசியலுக்கு வந்தவர். 2021-ல் அதே மாவட்டத்து ஒற்றப்பாலத்தில் கட்சிக்காக நின்று தோற்றவர். ராகுலின் பெயர் வந்ததும் செய்தியாளர்களைக் கூட்டி, இந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று வெளிப்படையாகக் கேட்டார். கட்சி அவரை உடனே நீக்கியது. அந்த வாரமே அவர் இடது முன்னணியின் ஆதரவு பெற்ற சுயேச்சை ஆனார். சின்னம் ஸ்டெதஸ்கோப். கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்காக வாக்குப்பதிவு நவம்பர் 13-லிருந்து 20-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. 23-ஆம் தேதி எண்ணியபோது ராகுலுக்கு 58,389, பாஜகவின் சி. கிருஷ்ணகுமாருக்கு 39,549, சரினுக்கு 37,293.

18,840 வாக்கு வித்தியாசம் பாலக்காட்டு வாக்காளர்கள் சொன்ன பதில். அதில் ஐயமில்லை. சரின் கேட்ட கேள்விக்கு அது பதில் அல்ல. பிராயிரியிலும் மாத்தூரிலும் கண்ணாடியிலும் சுவரொட்டி ஒட்டி, வீடுவீடாக ஸ்லிப் கொடுத்து, வாக்குச்சாவடியில் காலைமுதல் மாலைவரை உட்காரும் காங்கிரஸ்காரர்களில் எத்தனை பேர் ராகுலை விரும்பினார்கள், எத்தனை பேர் முரளீதரனை, எத்தனை பேர் சரினை? இதை அறிய வழியே இல்லை. யாரும் கேட்கவில்லை, யாரும் எண்ணவில்லை.

அமெரிக்காவில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கவே தனித் தேர்தல் நடக்கிறது. அங்கும் முன்னணியில் இருப்பவரை எதிர்த்து நிற்பது எளிதல்ல. பணம் அவர் பக்கம் சேர்கிறது. தலைவர்களின் ஆதரவு அறிக்கைகள் அவர் பக்கம் சேர்கின்றன. ‘எப்படியும் இவர்தான்’ என்ற பேச்சே பாதி வாக்கைக் கொண்டுவந்துவிடுகிறது. ஆனாலும் அங்கே எதிர்த்து நிற்கிறவருக்கு ஒரு வாக்குப்பெட்டி இருக்கிறது. 2008-ல் ஹிலாரி கிளின்டனை பராக் ஒபாமா முந்தியது அந்தப் பெட்டியால்தான். நம் ஊர்க் கட்சிகளில் முன்னணியில் இருப்பவரின் பலத்தைவிடப் பெரிய தடை, போட்டி போட ஓர் இடமே இல்லாதது. பட்டியல் ஓர் அறைக்குள் எழுதப்படுகிறது. எழுதும் கை எது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறுகிறது. பாலக்காடு, இடுக்கி என்று தமிழ்நாட்டை ஒட்டிக்கிடக்கும் இரண்டு மாவட்டங்களின் எழுபது வருடக் கதையைப் பார்த்தால் அந்த மாற்றம் தெளிவாகத் தெரிகிறது.

தேவிகுளத்திலிருந்து தொடங்கலாம். 1957-ல் கேரளத்தின் முதல் சட்டமன்றத்தில் முதல் உறுப்பினராகப் பதவியேற்றவர் ரோசம்மா புன்னூஸ். தேவிகுளத்தின் கம்யூனிஸ்ட் உறுப்பினர். ஊர் காஞ்சிரப்பள்ளி. தேயிலைத் தோட்டத் தமிழர்களின் தொகுதிக்கு அவர் வெளியிலிருந்து வந்தவர்தான். போட்டி வேட்பாளர் ஒருவரின் மனு தவறாகத் தள்ளுபடி செய்யப்பட்டதால் அவருடைய தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாக, 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. ஈ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் அரசுக்கு அது மானப் பிரச்சினை. தேர்தல் வேலைக்குப் பொறுப்பாக அனுப்பப்பட்டவர் 34 வயது வி.எஸ். அச்சுதானந்தன். மலைக்கு இந்தப் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் ஆர்மோனியத்துடன் ஏறிப்போய்த் தொழிலாளர் லயங்களுக்கு நடுவே பாடினார். ரோசம்மா மறுபடி வென்றார்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ரோசம்மாதான் வேட்பாளர் என்று தீர்மானித்தவர்கள் கொழுந்து பறித்த பெண்கள் அல்ல. மேல்கமிட்டி சொன்னது, கீழே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கட்சிக்குள் ஒன்று இருந்தது. மாநாடு என்று ஒன்று கூடும். பதவிக்காலம் முடியும் கமிட்டி, அடுத்த கமிட்டிக்கான பேனலை முன்வைக்கும். அதில் ஒப்புதல் இல்லாத பிரதிநிதி எழுந்து வேறு பெயர் சொல்லலாம். சொன்னால் ரகசிய வாக்கெடுப்பு நடந்தே தீர வேண்டும். மார்க்சிஸ்ட் கட்சியின் விதிகளில் இன்றும் இது இருக்கிறது. எழுந்து நிற்பவர் பெரும்பாலும் தோற்பார். தோற்றாலும் எத்தனை வாக்கில் தோற்றார் என்பது அந்த மண்டபத்துக்குத் தெரியும். அடுத்த மூன்று வருடக் கட்சி வாழ்க்கையை அந்த எண் ஆட்டிவைக்கும்.

தேவிகுளத்தில் தொடங்கிய அச்சுதானந்தனின் வாழ்க்கையைப் பார்த்தாலே இது விளங்கும். 1991 கோழிக்கோடு மாநாட்டில் மாநிலச் செயலாளர் பதவிக்கு அவருக்கும் ஈ.கே. நாயனாருக்கும் போட்டி வந்தது. நாயனார் வென்றார். 1996-ல் மாராரிக்குளத்தில் அச்சுதானந்தன் 1,965 வாக்கில் தோற்றார். இடது முன்னணி வென்ற தேர்தலில், முதல்வர் ஆகக்கூடியவர் சொந்தக் கோட்டையில் தோற்றதற்கு உட்கட்சிப் பகையே காரணம் என்று அன்று எல்லோரும் பேசினார்கள். இரண்டு வருடம் கழித்து, 1998 ஜனவரியில், பாலக்காட்டில் மாநில மாநாடு.

கேரள அரசியலில் பாலக்காடு மாநாடு என்றாலே இன்றும் தெரியும். சிஐடியு தொழிற்சங்கத் தலைவர்கள் கட்சியில் பெரும் சக்தியாக இருந்த காலம். எம்.எம். லாரன்ஸ், கே.என். ரவீந்திரநாத், வி.பி. செறியான் போன்றவர்கள். பாலக்காட்டில் அச்சுதானந்தன் தரப்பு பேனலுக்கு எதிராகப் பெயர்களை நிறுத்தி, வாக்கெடுப்பில் அவர்களை மாநிலக் கமிட்டியிலிருந்தே வெளியேற்றியது. அப்போது அவருக்குத் தோள்கொடுத்தவர் பினராயி விஜயன். அந்த வருடம் செப்டம்பரில் பினராயி மாநிலச் செயலாளர் ஆனார்; 2015 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

அதே ஆயுதம் ஏழு வருடத்தில் திரும்பி வந்தது. 2005-ல் மலப்புறம் மாநாடு. இப்போது அச்சுதானந்தனும் பினராயியும் எதிரெதிர். பினராயி தரப்புப் பேனலை எதிர்த்து அச்சுதானந்தன் தரப்பில் நின்ற 12 பேரும் தோற்றார்கள். ஒருவர்கூட உள்ளே போகவில்லை. பாலக்காட்டில் கோலோச்சியவர் மலப்புறத்தில் சிறுபான்மை ஆனார். இதில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பிரிக்க எனக்கு மனமில்லை. 1998-ல் அச்சுதானந்தன் பக்கம் நடந்ததும் கருணையற்ற வேலைதான். ஆனாலும் இரண்டு மாநாடுகளிலும் எழுந்து நிற்க இடம் இருந்தது, எண்ணிச் சொன்னார்கள், தோற்றவர்களில் பெரும்பாலோர் தோல்வியோடு கட்சிக்குள்ளேயே வேலை செய்தார்கள்.

கட்சிக்குள் தோற்ற அச்சுதானந்தனைக் கரையேற்றியது தெரு. 2006 மார்ச்சில் சட்டமன்றத் தேர்தல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 82 வயது எதிர்க்கட்சித் தலைவருக்குச் சீட்டு இல்லை என்ற செய்தி வந்ததும் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை செங்கொடியோடு ஆட்கள் இறங்கினார்கள். மார்க்சிஸ்ட் கட்சியில் தொண்டர்கள் பட்டியலை எதிர்த்துத் தெருவில் நிற்பது அதற்கு முன் கேள்விப்படாதது. டெல்லியில் பொலிட்பீரோ முடிவை மாற்றியது. அவர் நின்ற இடம் பாலக்காடு மாவட்டத்து மலம்புழா. புதுச்சேரி, கஞ்சிக்கோடு, எலப்புள்ளி என்று வாளையார் சோதனைச்சாவடி வரை நீளும் எல்லைத் தொகுதி. அங்கே 2001-ல் 4,703 வாக்கில் வென்றிருந்தவர், 2006-ல் 20,017 வாக்கு வித்தியாசத்தில் வென்று முதல்வர் ஆனார். 2011-லும் அதே நாடகம்: முதலில் சீட்டு இல்லை, பிறகு உண்டு. வித்தியாசம் 23,440. 2016-ல் 27,142. கட்சிக் கமிட்டியில் அவருடைய ஆள்பலம் குறையக் குறைய மலம்புழாவில் வாக்கு கூடிக்கொண்டே போனது. உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு. இரண்டும் இவ்வளவு விலகிப்போன வேறு தலைவர் கேரளத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

முதல்வரான பிறகும் அவரால் உள்ளே வெல்ல முடியவில்லை. 2007-ல் மூணாறு ஆக்கிரமிப்புகளை அகற்ற மூன்று அதிகாரிகளை அனுப்பினார். இயந்திரங்கள் விடுதிகளை இடித்தன. கூட்டணிக் கட்சியான சிபிஐயின் மூணாறு அலுவலகக் கட்டடத்தின் முகப்பும் தப்பவில்லை. அதுவரை அவருக்கு நெருக்கமாக இருந்த இடுக்கி மாவட்டச் செயலாளர் எம்.எம். மணி எதிர்ப்பக்கம் போனார். 1985 முதல் மாவட்டச் செயலாளராக இருந்தவர் மணி. அவர் திரும்பினால் மாவட்டமே திரும்பும். அச்சுதானந்தன் இடுக்கியை இழந்தார். 2009-ல் பொலிட்பீரோவிலிருந்தும் விலக்கப்பட்டார். 2015 ஆலப்புழை மாநாட்டில் பாதியில் எழுந்து வெளியேறினார். ஆனாலும் 2025 ஜூலை 21-ல் 101 வயதில் இறக்கும்வரை அவர் கட்சியை விட்டுப் போகவில்லை.

கட்சியை விட்டுப் போனவர்களுக்கு என்ன ஆனது என்பதும் அந்தக் காலத்தின் பகுதிதான். கோழிக்கோடு மாவட்டம் ஒஞ்சியத்தில் பிரிந்துபோய்த் தனிக்கட்சி கண்ட டி.பி. சந்திரசேகரன் 2012 மே 4 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். தண்டனை பெற்றவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர்களும் இருந்தார்கள். எதிர்த்து நிற்பதன் விலையைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

இனி தேவிகுளத்தின் பிற்பாதிக் கதை. மூணாறு மலையில் சட்டமன்றச் சீட்டு தொழிற்சங்க அலுவலகத்தின் வழியாகத்தான் வரும். ஐஎன்டியுசி, சிஐடியு, ஏஐடியுசி. தோட்டத்தில் யாருடைய சங்கத்தில் சந்தா கட்டுகிறோமோ அந்தக் கட்சி. சங்கத்தின் பெரிய தலைவர் எவரோ அவரே வேட்பாளர். காங்கிரஸின் ஏ.கே. மணி 1991, 1996, 2001 என்று மூன்று முறை வென்றார். அடுத்து மார்க்சிஸ்ட் கட்சியின் எஸ். ராஜேந்திரன் 2006, 2011, 2016 என்று மூன்று முறை. அந்த மூன்று முறையும் எதிரே நின்று தோற்றவர் அதே ஏ.கே. மணி. வென்றாலும் தோற்றாலும் அவரவர் கட்சியில் அவரவர்தான். இருபத்தைந்து வருடம் அந்த மலையில் இரண்டே பெயர்கள்.

அந்த இரண்டு பெயர்களையும் ஒருசேர உதறியவர்கள் பெண்கள். 2015 செப்டம்பரில் போனஸ் குறைக்கப்பட்டதும் கண்ணன் தேவன் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் இறங்கிவந்து மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கேட்டது 20 சதவீதம் போனஸ். நிர்வாகத்தின்மீது எவ்வளவு கோபமோ அவ்வளவு கோபம் மூன்று சங்கங்களின்மீதும். கூடை சுமப்பது நாங்கள், பேரம் பேசுவது நீங்களா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. ஆறுதல் சொல்ல வந்த எம்.எல்.ஏ. ராஜேந்திரனை விரட்டினார்கள். சங்கத் தலைவர் எவரையும் அருகில் விடவில்லை. ஆனால் 91 வயது அச்சுதானந்தன் வந்தபோது வழிவிட்டு, நடுவே உட்காரவைத்தார்கள். சொந்தக் கட்சியின் அறைக்குள் தோற்றுக்கொண்டே இருந்த மனிதரை, எந்த அறைக்குள்ளும் சேர்க்கப்படாத பெண்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதத்துக்கு உடன்பாடு கையெழுத்தானது.

அடுத்த வருடம் சட்டமன்றத் தேர்தல். இவ்வளவு நடந்த பிறகு தேவிகுளத்தில் சீட்டு யாருக்கு? மார்க்சிஸ்ட் கட்சியில் ராஜேந்திரன். காங்கிரஸில் ஏ.கே. மணி. ராஜேந்திரன் 5,782 வாக்கில் வென்றார். உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களைப் பிடித்த பெம்பிளை ஒருமை சட்டமன்றத்துக்குத் தனியாக நின்றபோது எடுபடவில்லை. இதைத் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். சாலையில் அத்தனை பெண்கள் சொன்ன ‘வேண்டாம்’ கட்சிப் பட்டியலில் ஒரு பெயரைக்கூட அசைக்கவில்லை. அவர்களில் பலர் அந்தக் கட்சிகளின் சங்கங்களில் சந்தா கட்டியவர்கள். அந்தக் கட்சிகளின் வேட்பாளரைத் தீர்மானிக்கும் இடத்தில் அவர்களுக்கு ஒரு நாற்காலி இருந்திருந்தால், தனிக்கொடி பிடிக்க வேண்டிய தேவை வந்திருக்குமா என்பது என் சந்தேகம். கட்சிக்கு வெளியே நின்று பெரிய கட்சியைத் தோற்கடிப்பது, கட்சிக்குள் நின்று ஒரு தலைவரைத் தோற்கடிப்பதைவிடப் பல மடங்கு கடினம். எளிய கதவைப் பூட்டிவிட்டு, முடிந்தால் மதிலேறி வா என்று அவர்களிடம் சொன்னதற்கு இது சமம்.

ராஜேந்திரனை அசைத்தது கடைசியில் மேலிருந்து வந்த விதி. 2021-ல் இரண்டு முறை தொடர்ந்து வென்றவர்களுக்குச் சீட்டு இல்லை என்று மார்க்சிஸ்ட் கட்சி முடிவெடுத்தது. ஐந்து அமைச்சர்கள் உட்பட 33 எம்.எல்.ஏ.க்கள் ஒரே நாளில் ஒதுங்கினார்கள். தேவிகுளத்துக்கு வழக்கறிஞர் ஏ. ராஜா வந்தார், 7,848 வாக்கில் வென்று, சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். ராஜாவைத் தோற்கடிக்க வேலை செய்தார் என்று விசாரணைக் கமிஷன் போட்டு, 2022 ஜனவரியில் ராஜேந்திரனை ஒரு வருடம் இடைநீக்கம் செய்தது கட்சி. 2024 மார்ச்சில் அவர் டெல்லியில் பாஜகவின் பிரகாஷ் ஜவடேகரைச் சந்தித்தார். ராஜாவிடம் தோற்ற காங்கிரஸின் டி. குமார் தொடுத்த வழக்கில் அந்த வெற்றியை 2023-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியதும் தனிக்கதை.

இரண்டு முறை விதி நல்லதா? பழகிய முகம் நகர்ந்து புதியவருக்கு வழி கிடைக்கிறது என்ற அளவில் நல்லது. ஆனால் நகர்த்திய கை அதே கைதான். அந்த விதியைப் போடவும் தளர்த்தவும் யாரால் முடியுமோ அவர்களுடைய பலம் இதனால் கூடியதே தவிரக் குறையவில்லை.

அதே 2021-ல் பாலக்காட்டில் நடந்தது எனக்கு நம்பிக்கை தருகிறது. தரூர் தொகுதியின் எம்.எல்.ஏ., அமைச்சர் ஏ.கே. பாலன் விதிப்படி ஒதுங்க, அந்த இடத்துக்கு அவருடைய மனைவி, சுகாதாரத் துறை முன்னாள் இயக்குநர் டாக்டர் பி.கே. ஜமீலாவின் பெயர் பேசப்பட்டது. பாலக்காடு நகரத்தில் எதிர்ப்புச் சுவரொட்டிகள் முளைத்தன. மாவட்டக் கமிட்டியில் எதிர்ப்பு எழுந்தது. ஜமீலா தகுதியற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளூரில் வேலை செய்த இளைஞர்கள் இருக்கும்போது இது எதற்கு என்பதே கேள்வி. பெயர் கைவிடப்பட்டு, வாலிபர் சங்கத்தின் பி.பி. சுமோத் நிறுத்தப்பட்டு வென்றார். பெரிய தலைவரின் பக்கத்திலிருந்து வந்த பெயரை ஒரு மாவட்டக் கமிட்டியால் மறுக்க முடியும் என்று அந்த வாரம் காட்டியது.

இடுக்கியில் சிபிஐ இன்னும் ஒரு படி போனது. 2022 ஆகஸ்டில் மாவட்டச் செயலாளர் தேர்வு. பீருமேட்டில் மூன்று முறை எம்.எல்.ஏ.வாக இருந்த ஈ.எஸ். பிஜிமோளை மாநிலத் தலைமை முன்மொழிந்தது. வந்திருந்தால் அந்தக் கட்சியின் முதல் பெண் மாவட்டச் செயலாளர். மாவட்டக் கவுன்சில் ஏற்கவில்லை, வாக்கெடுப்பில் கே. சலீம்குமாரைத் தேர்ந்தெடுத்தது. கட்சிக்குள் இருக்கும் ஆணாதிக்கத்தைப் பற்றிப் பிஜிமோள் பிறகு வெளிப்படையாக எழுதினார். இந்த நிகழ்வில் என் மனம் இரண்டாகப் பிரிகிறது. மேலிடத்தின் தேர்வைக் கீழே இருப்பவர்களால் வாக்களித்துத் தள்ள முடிந்தது, அது வேண்டும். அந்த வாக்கால் ஒரு பெண்ணின் வழி மறிக்கப்பட்டது, அது வருத்தம். கவுன்சிலில் உட்கார்ந்திருந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதிலிருந்துதான் அந்த வருத்தத்துக்கான மருந்தைத் தேட வேண்டும். வாக்கெடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

காங்கிரஸ் பக்கம் வாக்கெடுப்பே அபூர்வம். அந்தக் கட்சியில் உறுப்பினர்களைத் தவிர மற்ற எல்லோராலும் பட்டியலைத் தொட முடிகிறது. 2014-ல் இடுக்கியின் எம்.பி. பி.டி. தாமஸ், மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு பற்றிய காட்கில் அறிக்கையை ஆதரித்ததால் மலையோரத் திருச்சபையின் பகையைச் சம்பாதித்தார். அவருக்குச் சவப்பெட்டி ஊர்வலமே நடத்தினார்கள். பதவியில் இருந்தவருக்குச் சீட்டு மறுத்து, டீன் குரியாக்கோஸை நிறுத்தியது கட்சி, தோற்றது. பாலக்காட்டில் முன்னாள் எம்.எல்.ஏ.வும் மாவட்டத் தலைவராக இருந்தவருமான ஏ.வி. கோபிநாத், 2021-ல் மாவட்டத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனதும் கட்சியை விட்டு விலகினார்.

அந்தப் பின்னணியில்தான் 2022 அக்டோபரில் நடந்த அகில இந்தியத் தலைவர் தேர்தலைப் பார்க்கிறேன். மல்லிகார்ஜுன கார்கேயை எதிர்த்து நின்ற சசி தரூரின் பூர்வீகம் பாலக்காடு. முன்னணியில் இருப்பவரை எதிர்ப்பது எப்படி இருக்கும் என்பதை அவர் ஒரு மாதத்தில் அனுபவித்தார். வாக்காளர் பட்டியலில் பலருக்கு முகவரி இல்லை, தொலைபேசி எண் இல்லை. பல மாநிலங்களில் கார்கேக்கு மாலையோடு காத்திருந்த தலைவர்கள் தரூர் வந்தபோது வேறு வேலையாகப் போய்விட்டார்கள். சென்னை சத்தியமூர்த்தி பவனில் அவரைச் சந்திக்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. சொந்த மாநிலத் தலைவர் கே. சுதாகரன் கார்கேயை ஆதரித்தார். கார்கே 7,897, தரூர் 1,072.

இதை அவமானமான தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. 2000-ஆம் ஆண்டில் சோனியா காந்தியை எதிர்த்து நின்ற ஜிதேந்திர பிரசாதாவுக்குக் கிடைத்தது 94. 1997-ல் சீதாராம் கேசரிக்கு எதிராக சரத் பவாருக்கு 882, ராஜேஷ் பைலட்டுக்கு 354. இவற்றின் பக்கத்தில் வைத்தால் 1,072 சிறிய எண் அல்ல. இன்னும் பின்னால் போனால் 1939-ல் காந்தி ஆதரித்த பட்டாபி சீதாராமையாவை சுபாஷ் சந்திர போஸ் 1,580-க்கு 1,377 என்று வென்றிருக்கிறார். வென்ற பிறகு அவரால் பதவியில் நீடிக்க முடியவில்லை என்பதும் உண்மை. ஆனால் காங்கிரஸுக்குள் காந்தியின் விருப்பத்தை எதிர்த்து 1,580 பேர் இருந்தார்கள் என்று இன்றுவரை நமக்குத் தெரிகிறது. ரகசிய வாக்கு எண்ணப்பட்டதால் தெரிகிறது. தரூருக்கு விழுந்த ஆயிரத்துச் சொச்சம் வாக்கு அடுத்த வருடம் அவரைக் காரியக் கமிட்டிக்குள் கொண்டுபோனதில் பங்கு வகித்தது என்றே நினைக்கிறேன். சரினுக்குக் கட்சிக்குள் அப்படி ஓர் எண் கிடைக்க வழி இருந்திருந்தால், தோற்றபின் அவர் எங்கே இருந்திருப்பார்?

அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அன்று எதிர்த்தவர் தோற்றார், பெரும்பாலும் உள்ளேயே இருந்தார், அடுத்த மாநாட்டுக்கு ஆள் சேர்த்தார். இன்று எதிர்ப்பவர் காலையில் செய்தியாளர்களைச் சந்திக்கிறார், மாலையில் நீக்கப்படுகிறார், வாரக் கடைசியில் வேறு முன்னணியின் மேடையில் நிற்கிறார். அதே பாலக்காடு இடைத்தேர்தலின்போது பாஜகவின் சந்தீப் வாரியர் காங்கிரஸுக்கு வந்தார். எதிர்த்தரப்பு உடனே சிவப்புக் கம்பளம் விரிக்கிறது, கேமராக்கள் காத்திருக்கின்றன. உள்ளே நின்று போராடும் பொறுமைக்கு வெகுமதி இல்லை. இதனால் முன்னணியில் இருப்பவருக்குத்தான் லாபம்: கேள்வி கேட்டவர் மறுநாளே ‘துரோகி’ ஆகிவிடுவதால் கேள்வியும் அவரோடு வெளியே போய்விடுகிறது.

வாக்கெடுப்பு வைத்தால் எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2023-ல் கேரள இளைஞர் காங்கிரஸ் செயலி வழியாக உறுப்பினர் சேர்த்துத் தலைவர் தேர்தல் நடத்தியது. ராகுல் மாங்கூட்டத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்கு பெற்று அபின் வர்க்கியை வென்றார். போலி வாக்காளர் அடையாள அட்டைகள் தயாரித்ததாக வழக்குப் பதிவாகி, சில தொண்டர்கள் கைதானார்கள். (அந்தப் பதவியிலிருந்து ராகுல் 2025 ஆகஸ்டில் தன்மீது எழுந்த வேறு குற்றச்சாட்டுகளை அடுத்து விலகினார், காங்கிரஸும் அவரை ஒதுக்கியது.) உறுப்பினர் யார் என்றே தெரியாத கூட்டத்தில் வாக்கெடுப்பு நடத்தினால் பணமும் ஆள்பலமும் உள்ளவர் பட்டியலையே உருவாக்கிவிடுவார். பிறகு முன்னணியில் இருப்பவரை யாராலும் தொட முடியாது. அந்த அச்சம் நியாயமானது.

அதற்காகப் பழைய அறைக்கே திரும்ப வேண்டுமா? 2024 நவம்பரில் கொழிஞ்சாம்பாறையில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஒரு பகுதியினர் தனிக்கூட்டம் கூட்டினார்கள். காங்கிரஸிலிருந்து வந்த ஒருவரை லோக்கல் செயலாளர் ஆக்கியது அவர்களுடைய குறை. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஊர், எல்லைக்குக் கொஞ்சதூரம். பெரிய தலைவர் யாரும் அங்கே இல்லை. மேலே வளைந்து கொடுக்காத ஒன்று கீழே உடைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதற்கு ஐந்து மாதம் கழித்து, 2025 ஏப்ரலில் மதுரையில் அந்தக் கட்சியின் அகில இந்திய மாநாடு. மத்தியக் கமிட்டிக்கான பேனலை எதிர்த்து மகாராஷ்டிரத்தின் டி.எல். கராட் நின்றார். வாக்கெடுப்பு நடந்தது. அவருக்கு 31 வாக்கு. தோற்றார். யாரும் அவரை மேடையிலிருந்து இறக்கிவிடவில்லை, அவரும் வேறு மேடை தேடிப் போகவில்லை. விதியில் இருப்பதை அவர் பயன்படுத்தினார், அவ்வளவுதான்.

கமிட்டிகளைத் தேர்ந்தெடுக்க இருக்கும் அந்த விதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கவும் வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. எல்லா இடத்திலும் ஒரே நாளில் வேண்டாம். தேவிகுளத்திலிருந்து தொடங்கட்டும். போலி உறுப்பினர் என்ற அச்சத்துக்கு அங்கே இடம் குறைவு. எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், எந்த லயம், எத்தனை வருடமாகச் சந்தா என்பதெல்லாம் மூன்று சங்க அலுவலகங்களின் கணக்குப் புத்தகங்களிலும் பேர் பேராக எழுதியிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் பெண்களின் பெயர்கள்.